முதலில் பிரஸ், பிறகு பில்டப்

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வரை எங்கள் பக்கத்தில் எந்த மைதானத்தில் அணி பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். கால் வேகம் உள்ளவனுக்கு விங். உயரமானவனுக்கு ஸ்டாப்பர். கோல் அடிக்கத் தெரிந்தவன் முன்னால். மிச்சம் இருப்பவர்கள் நடுவில். இப்படிப் பிரித்து இறக்கிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் நடுவில் ஆளே இல்லை என்று கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்துகிறோம். பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பதையே வேலையாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில் இதில் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நல்ல நடுக்கள ஆட்டக்காரன் நம்மிடம் அரிதாக இருப்பதற்குக் காரணம் நாம் பயிற்சி தரும் வரிசை. பின்னாலிருந்து பாஸ் பாஸாகப் பந்தை ஏற்றும் பில்டப்பை முதலில் எடுக்கிறோம். அது இரண்டு வாரத்தில் கைகூடவில்லை என்றால் அதையும் விட்டுவிட்டு நீளமாக உதைக்கச் சொல்கிறோம். எதிரணியைக் கூட்டாக நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரஸ்ஸிங்கை, பையன்கள் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். இந்த வரிசையைத் திருப்ப வேண்டும் என்பதுதான் என் வாதம். பிரஸ் செய்யப் பழகிய பையனுக்குத்தான் பில்டப் பிடிபடும்.

தமிழ்நாட்டிலிருந்து மேலே போனவர்களைப் பார்த்தாலே குறை எங்கே என்று தெரியும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னையின் நந்தகுமார் சேகர், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஆகிய மூவரும் ஓரத்தில் ஓடிப் பெயர் வாங்கியவர்கள். சிவசக்தி நாராயணன் முன்கள ஆட்டக்காரர். சூசைராஜ் 2017-18 ஐ-லீகில் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருது பெற்றவர். ஆனால் 2019-20இல் ஏடிகே அணிக்குப் போனபோது பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது ஓரத்தில் விங் பேக்காகத்தான் ஓடவிட்டார். அந்த இடத்தில் அவர் ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் கேள்வி நிற்கிறது: நம் பையன்கள் ஏன் எப்போதும் ஓரத்துக்கே ஒதுங்குகிறார்கள்? ஓரத்தில் ஒரு பக்கம் கோடு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து எவனும் வந்து பறிக்க முடியாது. கண்ணை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதும். நடுவில் நிற்பவனுக்கு நாலா பக்கமும் எதிராளி. விதிவிலக்குகள் உண்டு. வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் நட்டநடுவில் நின்று ஆடினார். கடலூரின் இந்துமதி கதிரேசன் நடுக்களத்திலிருந்தே தேசிய அணிவரை போனவர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது அவர் தலைமுறையில்தான். நடுக்களம் நம் இரத்தத்தில் இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த இருவரே பதில். விதிவிலக்கு ஏன் வழக்கமாகவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

நடுவில் நிற்பவன் செய்ய வேண்டிய வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டாப்பரின் காலில் பந்து இருக்கிறது. அவர் தலையைத் தூக்குகிறார். பந்து அவர் காலைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே நடுக்களக்காரன் ஒருமுறை இடது தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை வலது தோளுக்குப் பின்னாலும் பார்த்திருக்க வேண்டும். எதிராளி எந்தப் பக்கம், எத்தனை அடி தூரத்தில் என்று அந்த இரண்டு பார்வையில் தெரிந்துவிடும். அதற்கேற்ப உடம்பைப் பாதி திருப்பி நிற்க வேண்டும்: தன் கோலியையும் பார்க்கலாம், எதிர் கோலையும் பார்க்கலாம் என்கிற கோணத்தில். பந்து வரும்போது அருகில் இருக்கும் காலை விட்டுவிட்டு, தூரத்துக் காலின் உட்புறத்தில் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் தொடுதலிலேயே பந்து முன்னோக்கிப் போகும். நெஞ்சை நேராக ஸ்டாப்பரை நோக்கி வைத்து நிற்பவனுக்கு வந்த வழியே பந்தைத் திருப்பித் தருவதைத் தவிர வழி கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கட்டிங் செக்‌ஷனில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்: தோலை விரித்துத் தழும்பு எங்கே, சுருக்கம் எங்கே, நீளும் பக்கம் எது என்று முழுக்கப் பார்த்தபின்தான் டையை வைக்கிறார்கள், வெட்டியபின் பார்த்துப் பயனில்லை. நடுக்களத்திலும் பந்து வருவதற்கு முந்தைய அந்த இரண்டு விநாடியில்தான் வேலை நடக்கிறது. பந்தைத் தொடுவது அந்த வேலையின் கடைசிப் பகுதி.

இந்தப் பார்வையைப் பையனுக்கு எப்படி வரவைப்பது? தோளுக்குப் பின்னால் பார் என்று நூறு தடவை சொன்னால் தலையை ஆட்டுவான், கழுத்தைத் திருப்புவான், கண் எதையும் பிடிக்காது. ஏனென்றால் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. நம் பயிற்சிகளில் பெரும்பாலானவை கூம்புகளுக்கு நடுவில் நடக்கின்றன. கூம்பு பறிக்க வராது. எதிராளி இல்லாமல் பத்து பாஸ் அழகாகக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்சில் முதல் ஆள் ஓடிவந்ததும் அதே பையன் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறான். பையனுக்குக் கற்றுக்கொள்ளத் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். நெருக்கடியையே காட்டாமல் நெருக்கடியில் ஆடச் சொன்னது நாம்தான். பிரஸ் நன்றாகச் செய்யும் சக ஆட்டக்காரர்கள் எதிரில் இருந்தால் மட்டுமே பில்டப் பயிற்சி உண்மையான பயிற்சி ஆகும். ஆகவே ஓர் அணி எவ்வளவு நன்றாகப் பந்தைக் கட்டும் என்பதை, அந்த அணி தன் பயிற்சியில் எவ்வளவு நன்றாகப் பிரஸ் செய்கிறது என்பதே முடிவு செய்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரஸ் செய்யும் பையன் பில்டப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கிறான். பந்து வைத்திருப்பவனை நோக்கி நேராக ஓடினால் அவன் பக்கவாட்டில் தட்டிவிட்டுத் தப்பித்துவிடுவான். கொஞ்சம் வளைந்து ஓடி, உள்ளே போகும் பாஸின் பாதையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நெருங்கினால், பந்து வைத்திருப்பவனுக்குக் கோட்டோரம் மட்டுமே மிஞ்சும். இதை நாலு முறை செய்து பந்தைப் பறித்த பையனுக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது: எதிராளியின் நிழலில் நின்றால் பந்து வராது, இரண்டடி விலகினால் வரும். பிறகு தன் அணியிடம் பந்து இருக்கும்போது அந்த இரண்டடியை அவனே விலகி நிற்கிறான். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பறிப்பவனுக்கு எது வசதி என்று தெரிந்தவன்தான் பறிகொடுக்காமல் நிற்பான். பிரஸ்ஸிங்கும் பில்டப்பும் இரண்டு தனிப் பாடங்கள் என்று பிரித்து வைத்ததுதான் நம் பயிற்சித் திட்டங்களின் அடிப்படைப் பிழை.

உலகக் கால்பந்தின் வரலாறும் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. 1960களில் டைனமோ கீவ் அணியில் விக்டர் மாஸ்லோவ் நடுக்களத்தை நெருக்கமாக நிறுத்திக் கூட்டாகப் பந்து பறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1980களின் கடைசியில் மிலானில் அர்ரிகோ சாக்கி அதைச் செதுக்கினார். 1992இல் சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோலி கையில் எடுக்கக்கூடாது என்று விதி மாறியதும், முன்களத்திலிருந்தே துரத்துவதற்கு மதிப்பு கூடியது. துரத்தல் கூடக்கூடத்தான் காலால் ஆடத் தெரிந்த கோலி, பாஸ் கொடுக்கத் தெரிந்த ஸ்டாப்பர், இருவருக்கும் நடுவே இறங்கி வந்து வாங்கும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்று ஒவ்வொருவராகத் தேவைப்பட்டார்கள். 2019இல் கோல் கிக்கைப் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே வாங்கலாம் என்று விதி வந்தது. பில்டப் கோல் வாசலிலிருந்தே தொடங்கியது, பிரஸ்ஸும் அங்கேயே வந்து நின்றது. யூர்கன் க்ளோப், பந்தை இழந்த இடத்திலேயே உடனே திருப்பிப் பறிப்பதைவிடச் சிறந்த பிளேமேக்கர் கிடையாது என்ற பொருளில் பேசியிருக்கிறார். மிகைபோலத் தோன்றினாலும் அதில் கணக்கு இருக்கிறது. எதிரணி முன்னேறுவதற்காக விரிந்து நிற்கும் நேரத்தில் பந்து நம்மிடம் வந்தால், யாரும் பாஸால் திறக்க வேண்டியதில்லை. கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது.

நம் நாட்டிலும் முன்னோடி இருந்தார். 1950 முதல் 1963இல் இறக்கும்வரை இந்திய அணியைப் பயிற்றுவித்த ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிரிப்ளிங்குக்கு இடமே தராத போட்டிகள், பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டிய போட்டிகள் என்று அவர் நடத்தியிருக்கிறார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கமும் அவர் பயிற்சியில் வந்தவை. உரை ஆற்றுவதைக் காட்டிலும் விதியை மாற்றி ஆடவிட்டால் பையன் தானாகவே வழி தேடுவான் என்பதுதான் அவர் முறையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். நம் காலத்துச் சான்று கோயம்புத்தூரில் இருக்கிறது. 2018-19 ஐ-லீகைச் சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் வென்றது; ஈஸ்ட் பெங்கால் 42. சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ், பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பையன்களையும் பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பந்தைத் தரையில் வைத்து ஆடும் அணியைக் கட்டினார். கடைசி நாளான 2019 மார்ச் 9இல் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டபின்னும் அவர்கள் பதறி நீளப் பந்துக்குத் தாவவில்லை. 3-1 என்று திருப்பினார்கள். பந்தை நம்பும் பழக்கத்தைத் தினசரிப் பயிற்சியில் பெற்ற அணிக்கு மட்டுமே அந்த நிதானம் வரும்.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. 2018 மார்ச் 17இல் பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் இறுதியில் சென்னையின் எஃப்சி 3-2 என்று ஜெயித்தது எப்படி? லீக் சுற்றில் 40 புள்ளியுடன் முதலிடம் பிடித்தது ஆல்பர்ட் ரோகாவின் பெங்களூரு. பந்தைக் கட்டி ஆடிய அணியும் அதுதான். சென்னையின் எஃப்சி 32 புள்ளிதான் எடுத்திருந்தது. சுனில் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். உயரமான ஸ்டாப்பரும் நல்ல கார்னரும் இருந்தால் கோப்பை வரும்போது, நடுக்களத்தைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்கிறார்கள். கார்னர் தானாக வருவதில்லை. எதிரணியின் கடைசி முப்பது கெஜத்தில் பந்து இருக்கும்போதுதான் கார்னர் கிடைக்கிறது. அங்கே பந்தை வைத்திருக்க, எதிரணி தப்பித்து வெளியேறுவதைத் தடுக்கும் நடுக்களம் வேண்டும். அந்தப் பருவத்தில் தன்பால் கணேஷ் செய்த வேலை பெரும்பாலும் அதுதான்: இரண்டாவது பந்தை எடுப்பது, எதிரணி திரும்பிப் பார்க்குமுன் காலை வைப்பது. இறுதி ஆட்டத்தின் கோல் பட்டியலில் அவர் பெயர் வராது. ஒரு கோப்பையில் யார் கோல் அடித்தார் என்பதை மட்டும் பையன்களிடம் சொன்னால், எல்லாப் பையனும் மைல்சன் ஆகத்தான் ஆசைப்படுவான்.

இரண்டாவது மறுப்பு 2020இலிருந்து வருகிறது. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றபின் சென்னையின் எஃப்சி முன்னாலிருந்தே துரத்தும் அணியாக மாறியது. பிப்ரவரி 29இல் சென்னையில் நடந்த அரையிறுதி முதல் ஆட்டத்தில், லீக் சுற்றில் முதலிடம் பிடித்த கோவாவை 4-1 என்று அடித்தது. இறுதியிலோ ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது. பின்னால் ஒதுங்கி நின்று, சமயம் பார்த்துப் பாய்ந்த அணி வென்றது. துரத்திய அணி தோற்றது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. பிரஸ் எல்லா நாளும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. துரத்தும் அணி தன் முதுகுக்குப் பின்னால் நிலத்தை விட்டுவைக்கிறது. அந்த நிலத்தில் ஓடத் தெரிந்த எதிரணி வந்தால் விலை கொடுத்தாக வேண்டும். ஆனால் பதினான்கு வயதுப் பையனுக்கு நான் தேடுவது ஒரு கோப்பையை அல்ல, அவன் இருபது வயதில் எந்த முறையிலும் ஆடக்கூடிய தகுதியை. துரத்தப் பழகியவனைப் பின்னால் நிறுத்தி ஆடவைக்க ஒரு மாதம் போதும். பின்னால் நிற்க மட்டும் பழகியவனுக்கு முன்னால் போய் நெருக்கும் தைரியத்தை இருபது வயதில் ஊட்டுவது மிகக் கடினம்.

மூன்றாவது மறுப்பு எங்கள் மண்ணைப் பற்றியது. மேடும் பள்ளமுமான தரை, சரளைக்கல், ஓரத்தில் முள். இதில் பாஸ் பாஸாக ஆடு என்றால் பந்து மூன்றாவது துள்ளலில் முழங்காலுக்கு வரும் என்கிறார்கள். உண்மை. அந்த உண்மை என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. தரை மோசமாக இருந்தால் எதிரணியின் முதல் தொடுதலும் மோசமாகத்தான் இருக்கும். பந்து அவன் காலைவிட்டு ஒரு கெஜம் விலகும் கணமே பிரஸ் செய்பவனுக்கு அழைப்பு. நல்ல புல்தரையில் அரிதாகக் கிடைக்கும் இந்த வாய்ப்பு எங்கள் மைதானத்தில் நிமிடத்துக்கொன்று கிடைக்கிறது. இப்படிப்பட்ட தரையில் பத்துப் பாஸ் கோத்து ஏறுவதைவிட, எதிரணியின் பாதியில் பறித்து இரண்டு பாஸில் கோலை எட்டுவதே புத்திசாலித்தனம். பில்டப்பைக் கைவிடு என்று இதற்குப் பொருள் இல்லை. பாஸின் தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு கெஜத்துக்குக் குறைத்து, வாங்குபவன் எட்டிப்போய் வாங்கினால் துள்ளல் பாதி குறைந்துவிடும். எட்டிப்போய் வாங்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? காத்து நின்றால் பறிபோகும் என்று தெரிந்தவனிடமிருந்துதான்.

நான்காவது மறுப்பு வெயிலும் உடல் அசதியும். எங்கள் மாவட்டத்து வெயிலை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூத்த அணிகளில் பலர் ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள். இவர்களைத் தொண்ணூறு நிமிடம் துரத்து என்றால் அது பயிற்சி இல்லை, கொடுமை. ஆனால் பிரஸ் என்றால் ஓயாமல் ஓடுவது என்ற எண்ணமே தவறு. மூன்று அறிகுறிகளை மட்டும் பார்த்தால் போதும்: எதிராளி தன் கோலை நோக்கித் திரும்பி வாங்கும்போது, பந்து கோட்டோரம் போகும்போது, முதல் தொடுதல் தப்பும்போது. இந்த மூன்றில் ஒன்று நடந்தால் பக்கத்தில் உள்ள மூன்று பேரும் சேர்ந்து ஐந்து விநாடி நெருக்க வேண்டும். பறிக்க முடியவில்லையா, பின்வாங்கி நடுவில் கூடி நில். முன்னால் நிற்பவனுக்கும் ஸ்டாப்பருக்கும் இடையே முப்பது, முப்பத்தைந்து கெஜத்துக்கு மேல் இடைவெளி விடாத அணி, ஐம்பது அறுபது கெஜம் சிதறி நின்று ஒவ்வொரு நீளப் பந்துக்கும் முன்னும் பின்னும் அலையும் அணியைவிடக் குறைவாகத்தான் ஓடுகிறது. ஆளை அதிகம் களைக்க வைப்பது ஒழுங்கில்லாத ஓட்டம்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு நான் பரிந்துரைப்பது எளிய ஏற்பாடு. பத்துக்குப் பத்து கெஜக் கட்டம். சுற்றி நான்கு பேர், உள்ளே இரண்டு பேர். வழக்கமாக இந்த ஆட்டத்தில் உள்ளே மாட்டிக்கொள்வது தண்டனை போல இருக்கும். அதை மாற்றி, உள்ளே இருக்கும் இருவர் பறிப்பதற்குத்தான் புள்ளி என்று வையுங்கள். ஒருவன் வளைந்து ஓடி ஒரு பக்கத்தை அடைக்க, அடுத்தவன் நடுவில் நழுவும் பாஸுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் கூர்மையாகக் கூர்மையாக, வெளியே இருப்பவர்களின் பாஸும் தானாகக் கூர்மையாகும். அடுத்த கட்டம் ஆறுக்கு ஆறு ஆட்டம்: பந்தை இழந்த அணி ஐந்து எண்ணுவதற்குள் திரும்பப் பறித்து அடிக்கும் கோலுக்கு இரட்டை மதிப்பு. மூன்று நடுக்கள இடங்களிலும் எல்லாப் பையன்களையும் சுழற்றுங்கள். ஸ்டாப்பருக்கு முன்னால் நின்று ஆட்டத்தைத் திறப்பவன், இரு பக்கமும் ஏறி இறங்குபவன், முன்களத்துக்குப் பின்னால் நின்று முதல் நெருக்கலைத் தொடங்குபவன் என்று மூன்று வேலைகளும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். வேகமான பையனை விங்குக்கு அனுப்பும் முன் ஒரு வருடமாவது நடுவில் நிறுத்துங்கள். பின்னால் விங்குக்குப் போனாலும், நாலா பக்கமும் பார்க்கும் கண் அவனோடு போகும்.

இதில் பள்ளிகளுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒரே நாளில் நாலு ஆட்டம் வைத்து மாலையில் கோப்பை கொடுக்கும் நாக்-அவுட் முறையில், எந்தப் பயிற்சியாளரும் பையனைத் தவறு செய்து கற்க விடமாட்டார். முதல் தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் உதைத்துத் தள்ளு என்றுதான் சொல்வார். சின்ன வயதினருக்கு லீக் முறையில் ஆட்டம் வையுங்கள். ஒரு தோல்விக்குப் பின்னும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கட்டும். பி.டி. ஆசிரியர்கள் கோல் அடித்தவனைப் பாராட்டுவதோடு, அந்தக் கோலுக்கு முன் பந்தைப் பறித்தவன் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். இவை எதற்கும் பணம் தேவையில்லை, புல்தரை தேவையில்லை, வெளிநாட்டுப் பயிற்சியாளர் தேவையில்லை. நம் வட்டாரத்துப் பையன்களுக்கு ஓடும் கால் இருக்கிறது, முரண்டு பிடிக்கும் மனசு இருக்கிறது. பிரஸ்ஸுக்கு முதலில் வேண்டியவை இவை இரண்டும்தான். இவற்றை ஒழுங்குபடுத்திக் கூட்டாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தால், ஐந்தாறு வருடத்தில் நடுவில் நிற்க ஆள் தேடும் நிலை நமக்கு இருக்காது.